தொட்டிலும் கூலியும்



விவாகமாகி மூன்று வருஷமான தம்பதிகளிடம், "இன்னும் விசேஷமில்லையா?" என்று கோயில் வாசலிலேயே கேட்டுவிடுகிறோம். கணவனுக்கோ பதினோரு மாத ஒப்பந்த வேலை. முதற்பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள விடுமுறை உண்டென்று சட்டம் சொல்லியும், அதைக் கேட்டால் வேலை போய்விடுமோவென்று மனைவி அஞ்சுகிறாள். இது சுயநலமா? அன்று.

பிள்ளைப்பேற்றைக் குறித்துத் தம்பதிகளே, தேவ கட்டளைக்கு அமைந்த மனச்சாட்சியோடு, கால நிலைமையையும் கைப்பொருளையும் சீர்தூக்கி, சர்வேசுரன் திருமுன் தீர்மானிக்க வேண்டுமென்று 1965-ல் வத்திக்கான் சங்கம் போதித்தது. அவர்களைத் தீர்ப்பிட நாம் யார்?

தம்பதிகளுக்கும் ஒரு வார்த்தை. பொறுப்போடு காத்திருப்பது வேறு. பயமே இல்லாத நாளுக்காகக் காத்திருப்பது வேறு. அந்த நாள் நம் பெற்றோருக்கும் வந்ததில்லை.

ஆயினும் பெரும் பாரம் வேலை கொடுப்போர் மேலேயே. தொழிலாளிக்கு அவன் குடும்பத்தைத் தாங்கப் போதுமான கூலி கொடுபட வேண்டுமென்று 1931-ல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் எழுதினார். நம் பங்கிலும் கடை நடத்துவோர், ஆள் வைத்து வேலை வாங்குவோர் உண்டு. பிரசவத்துக்குப் போன பெண்ணின் இடத்தை அவளுக்கென்று வைத்திருந்தோமா? பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாகும்போது இதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.