பெறுபேறு வரும்வரை காத்திராதீர்கள்

வவுனியாவின் பெற்றோரே, ஆசிரியர்களே, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளே, காலம் போகிறது. பரீட்சை முடிந்த அன்றே புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டீர்கள். பெறுபேறு வரட்டும் என்கிறீர்கள், வெட்டுப்புள்ளி வரட்டும் என்கிறீர்கள், கம்பஸ் கிடைக்கட்டும் என்கிறீர்கள். கம்பஸ் கிடைத்த முதல் நாளே விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவார். அன்று யாரிடம் தவணை கேட்பீர்கள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997இல் தொடங்கியது, 2021இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நிற்கிறது. பம்பைமடு நம் வாசலில்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் பௌதிகமும் இரசாயனமும் படித்துத் திறமையாகச் சித்தியடைந்த பிள்ளை, அங்கே ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறது. பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்று அதைக் கைவிட்டோம். பெற்றோர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ரியூசன் நேரசூசியில் அதற்கு இடமில்லை. மாணவர் பேருக்கு எழுதி எழும்பினார்கள். இந்தக் குற்றத்தில் எல்லோருக்கும் பங்குண்டு, கணக்கும் எல்லோரும் சேர்ந்தே கொடுக்கவேண்டும்.

படிக்கிறவர்களிலும் பலர் வீணாகவே பாடுபடுகிறார்கள். கொப்பியின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல். நூறு சொல் பாடமாக்கியும் ஒரு வாக்கியம் எழுத வராது. ஒரு சொல் எதனோடு சேரும், எங்கே பொருள் மாறும் என்பதெல்லாம் வாக்கியத்தில்தான் விளங்கும். ஜப்பானிய மாணவருக்குக் கற்பித்த ஆங்கில ஆசிரியர் ஹோர்ன்பி இதைக் கண்டறிந்தவர். விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்ந்த அவருடைய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஒக்ஸ்போர்ட் அதைத் தன் பெயரில் பதிப்பித்தது. வேற்றுமொழியில் பிறந்து ஆங்கிலம் கற்கிறவர்களுக்கென்றே, நமக்கென்றே, செய்த நூல் அது.

அந்த அகராதியிலிருந்து நாளுக்கு ஐந்து சொல் எடுங்கள். விளக்கத்தை வாசியுங்கள். எடுத்துக்காட்டைச் சத்தமாக வாசியுங்கள். அகராதியை மூடிவிட்டு வவுனியாக் குளத்தைப் பற்றியோ உங்கள் வயலைப் பற்றியோ அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். மூன்றாம் நாள் திரும்பப் பாருங்கள், பத்தாம் நாளும் பாருங்கள். ஆறு மாதத்தில் 900 சொல் உங்கள் வசமாகும். காலபோகத்துக்கு உழாதவன் மழை பெய்தபின் கலப்பை தேடி என்ன பயன்?

2009இல் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்துகொண்டே நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அவர்களுக்கு மேசையில்லை, வெளிச்சமில்லை, நாளை எங்கே இருப்போம் என்ற நிச்சயமில்லை. இன்று மேசையும் மின்விளக்கும் கையில் போனும் வைத்திருக்கும் நாம் என்ன சாட்டுச் சொல்லப்போகிறோம்?

ஆங்கிலம் தெரிந்தவர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, உங்களுக்கும் இதில் கடன் உண்டு. தெரிந்ததைப் பூட்டி வைப்பது பாவம். சனசமூக நிலையத்தில் கிழமைக்கு ஒரு பின்னேரம் இருங்கள், பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களைத் திருத்திக் கொடுங்கள். பெற்றோரே, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளே, நாளைக்கு என்று சொல்லாதீர்கள். முதல் ஐந்து சொல்லையும் இன்றிரவே எழுதுங்கள்.