உங்களைவிட நன்றாக ஊதுகிறவர்

உங்களுக்கு உயிராக இருக்கிற ஒரு விஷயத்தை இன்னொருவர் உங்களைவிடச் சுலபமாக, அழகாகச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பொறாமை பரவாயில்லை, நாலு நாளில் அடங்கிவிடும். 'இந்த அளவுக்கு நம்மால் முடியவே முடியாது' என்று உறைக்கும் பாருங்கள், அந்த நிமிஷத்தைக் கேட்கிறேன். அதற்கப்புறம் என்ன செய்வது?

கிளென் மில்லருக்கு அது 24 வயதில் நடந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்து, சின்ன வயசில் பால் கறந்து சேர்த்த காசில் ட்ராம்போன் வாங்கியவர். (குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுவார்களே, அந்தப் பித்தளை வாத்தியம்.) பென் பொல்லாக்கின் ஜாஸ் குழுவில் ஊதிக்கொண்டிருந்தபோது, 1928-ல் ஜாக் டீகார்டன் என்ற டெக்ஸாஸ்காரர் வந்து சேர்ந்தார். மேதை. தனி வாசிப்பெல்லாம் அவர் பக்கம் போய்விட்டது.

மில்லர் வாத்தியத்தை மூட்டை கட்டவில்லை. யார், எங்கே, எதை ஊத வேண்டும் என்று எழுதித் தருகிற அரேஞ்சர் வேலையில் கவனத்தைத் திருப்பினார். பெயர் வாங்கிய பிறகும் ஜோசப் ஷில்லிங்கரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 1937-ல் சொந்தக் குழு ஆரம்பித்தார். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை, கைக்காசு கரைந்ததுதான் மிச்சம். 1938-ல் மறுபடியும். இந்தத் தடவை சாக்ஸஃபோன்களுக்கு மேலே ஒரு கிளாரினெட்டை மிதக்கவிட்டார். அந்தக் குழைவான சத்தத்துக்கு அமெரிக்காவே ஆடியது. 1939-ல் 'இன் தி மூட்'. 'சட்டனூகா சூ சூ' 12 லட்சம் பிரதி விற்று, 1942-ல் அவருக்குத் தங்க இசைத்தட்டு வாங்கித் தந்தது.

டீகார்டனும் பெரிய குழு நடத்திப் பார்த்தார். நஷ்டம்!

ஆனால் கதை அத்தனை சுலபமில்லை. ஜாஸுக்கு உயிரே அந்தந்த நிமிஷத்தில் பிறக்கும் கற்பனைதான். மில்லரோ கண்டிப்புப் பேர்வழி. எல்லாம் எழுதியபடி, ஒத்திகை பார்த்தபடி வரவேண்டும். 'இயந்திரம் மாதிரி இருக்கிறது' என்றார்கள் விமர்சகர்கள். தனக்கு வசப்படாத சுதந்திரத்தை மற்றவர்களுக்கும் இல்லாமல் செய்துவிட்டாரோ? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. டீகார்டனைக் கேட்டுவிட்டு உடனே மில்லரைக் கேட்டால், சந்தேகம் கொஞ்சம் வலுக்கவே செய்கிறது. தன் அளவை அறிந்துகொள்வது நல்லதுதான். அதே அளவில் சட்டை தைத்துப் பக்கத்திலிருப்பவருக்கும் மாட்டிவிடலாமா?

1942-ல் புகழின் உச்சியில் குழுவைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். வயது 38, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கேயும் ஒரு குழுவை உருவாக்கி, 1944-ல் இங்கிலாந்தில் போர்வீரர்களுக்காக வாசித்தார். அடுத்து பாரிஸ். ஏற்பாடுகளைக் கவனிக்கத் தான் முன்னால் போகிறேன் என்று டிசம்பர் 15-ம் தேதி ஒரு சின்ன விமானத்தில் ஏறினார். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுகிற வழியில் விமானம் காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

சில நாட்களில் குழு பாரிஸ் வந்து இறங்கியது. தலைவர் இல்லை. ஆனால் யார், எங்கே, எதை ஊத வேண்டும் என்பது தாளில் இருந்தது. வாசித்தார்கள்.