விருந்தினர் கற்கும் சில சொற்கள்

ஒரு நாட்டில் சில நாள்கள் மட்டும் தங்கிச் செல்லும் பயணிக்கு அந்நாட்டு மொழியைக் கற்கும் கடமை உண்டா என்னும் வினா, நெதர்லாந்தை முன்னிறுத்திக் கேட்கப்படும்போது கூர்மை பெறுகிறது. பிற நாடுகள் பலவற்றில் தேவையே அவ்வினாவுக்கு விடை கூறிவிடும். மக்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் அறிந்த நெதர்லாந்திலோ, டச்சு அறியாததால் ஒருவர் பசித்திருக்கவோ வழிதவறவோ நேர்வது அரிது. தொடர்வண்டி நிலையத்தில் தண்டவாள எண்ணைச் சுட்டும் ‘ஸ்போர்’, பேருந்து நிறுத்தமாகிய ‘ஹால்ட்டே’, நேராகச் செல்வதைக் குறிக்கும் ‘ரெஹ்ட்டோர்’ ஆகியவற்றைப் பாடம் செய்துகொண்டு வந்து ஒருவர் டச்சில் வழி கேட்டாலும், அவரது உச்சரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் மறுமொழி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்துவிடும். பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அந்த உழைப்பு பெரிதும் வீண்.

பயனை விடுத்துக் கடமையைக் கருதினால், ஒரு பழைய பிரிவினை உதவுகிறது. தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1795இல் வெளியிட்ட ‘நிரந்தர அமைதியை நோக்கி’ என்னும் நூலில், பிறர் மண்ணுக்கு வரும் அயலார் பகைவராக நடத்தப்படாதிருக்கும் உரிமையை வருகையுரிமை என்றும், வீட்டாருள் ஒருவராகத் தங்கும் உரிமையை விருந்துரிமை என்றும் பிரித்து, பின்னதற்குத் தனி உடன்படிக்கை வேண்டும் என்கிறார். நெதர்லாந்துச் சட்டமும் மொழி விஷயத்தில் ஏறத்தாழ இக்கோட்டிலேயே நடக்கிறது: 2022 முதல் நடைமுறையிலுள்ள குடியேற்ற ஒருங்கிணைப்புச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து நிலைகொள்வோரில் பலரிடம், அன்றாட வாழ்விலும் பணியிடத்திலும் பிறர் துணையின்றி இயங்கப் போதுமான ‘பி1’ நிலை டச்சு அறிவை எதிர்பார்க்கிறது, பயணியிடம் ஒரு சொல்லையும் அது கேட்பதில்லை. கேட்கப்படாததாலேயே பயணி கற்கும் சொற்கள் மரியாதை ஆகின்றன. கட்டாயத்தின் பேரில் செலுத்தப்படுவது வரியாகுமேயன்றி மரியாதையாகாது.

விருந்தோம்பல் பற்றிய தம் விரிவுரைகளில் பிரெஞ்சுத் தத்துவஞானி ழாக் தெரிதா, தனதல்லாத மொழியில் அடைக்கலம் கேட்க வேண்டியிருப்பதே அயலார் மீது செலுத்தப்படும் முதல் வன்முறை என வாதிட்டார். ஆம்ஸ்டர்டாம் கடைவீதியில் இந்நிலை தலைகீழாகிறது: அங்கே தன் மொழியை விட்டு வெளியே வருபவர் வீட்டுக்காரரே. ஆனால் வீட்டார், அயலார் என்னும் பிரிவும் அத்தனை திடமானதன்று. 1632இல் அதே நகரில் பிறந்த தத்துவஞானி ஸ்பினோசா, போர்த்துகீசிய யூதக் குடும்பத்தில் வளர்ந்தவராதலால், 1665இல் தானிய வணிகர் பிளைன்பெர்க்குக்கு டச்சில் எழுதிய கடிதத்தில், தாம் வளர்ந்த மொழியில் எழுத முடிந்திருந்தால் கருத்தை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்று வருந்தினார். எனினும் டச்சிலேயே எழுதினார்.

மரியாதைக்கும் ஓர் எல்லை உண்டு. பின்னால் வரிசை நிற்கும்போது பயணச்சீட்டு முகப்பில் தட்டுத்தடுமாறி டச்சு பேசிப் பழகுவது, பிறர் நேரத்தைத் தன் பாடமாக்கிக்கொள்வதே. வேண்டுகோளுக்குரிய ‘அல்ஸ்துப்ளீஃப்ட்’ என்னும் பணிவுச் சொல்லையும் நன்றிக்குரிய ‘டாங் யூ வெல்’ என்பதையும் டச்சில் கூறிவிட்டு, இடையிலுள்ள பேச்சை எதிரிலிருப்பவர் தேர்ந்த மொழிக்கு விட்டுவிடுவதும், ஆங்கிலத்தில் வரும் மறுமொழியை அவமதிப்பாகக் கொள்ளாதிருப்பதும் வருகையுரிமை மட்டுமே உடையவருக்குப் பொருந்தும் நடத்தையாகும்.