எண்ணப்படும் பிள்ளைகள்

பலெர்மோவில் பிறந்து, பலாரோச் சந்தையின் கூச்சலில் பேச்சுப் பழகிய எங்கள் பிள்ளைகள் பரீட்சைக் கணக்கில் 'இரண்டாம் தலைமுறை வெளிநாட்டவர்'. ஆரம்பப் பள்ளியின் இரண்டாம், ஐந்தாம் வகுப்புகளில் இத்தாலி முழுவதும் நடக்கும் இன்வால்சிப் பரீட்சையின் அறிக்கைகள் புள்ளிகளை இப்படித்தான் பிரித்துக் காட்டுகின்றன. இத்தாலிய மொழியில் இப்பிள்ளைகள் சராசரியில் பின்தங்குகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த இடைவெளி பெருமளவு மறைந்துவிடுகிறது.

புள்ளியை இனவாரியாகப் பிரிப்பதென்றாலே எங்களுக்கு அடிவயிறு கலங்கும். பொறியியல் படிக்கச் சிங்களமொழி மாணவனுக்கு 227 போதும், தமிழ்மொழி மாணவனுக்கு 250 வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலின் வழிவந்தவர்கள் நாங்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே பிரித்தது கதவைச் சாத்த. இங்கே பிரிப்பது பள்ளிக்கூடம் யாரைக் கைவிடுகிறது என்று பார்க்க. குறைந்தபட்சம், சொல்லப்படுவது அப்படி.

2010இல் கல்வி அமைச்சு, ஒரு வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பொதுவாக 30 வீதத்தைத் தாண்டக் கூடாதென்று சுற்றறிக்கை விட்டது. (இங்கே பிறந்து மொழி தெரிந்த பிள்ளைகளென்றால் விலக்களிக்கலாம் என்றும் அதிலேயே உண்டு.) இதை இனவாதம் என்று சொல்ல எம்மவருக்குத் தயக்கமில்லை. ஆனால், "அந்தப் பள்ளிக்கூடத்திலை வங்காளியளும் கறுவலுகளும் கூட, பிள்ளை படிக்காது" என்று தூரத்துப் பள்ளி தேடுகிறவர்களும் எம்மவர்தான். அமைச்சு 30 என்றது. எங்கள் வீட்டு வரம்பு எத்தனை வீதம்? கானாப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் எங்கள் பிள்ளையின் புள்ளி குறையுமென்றால், எங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் இத்தாலியப் பிள்ளையின் தாய் வேறு பள்ளி தேடுவதை எந்த முகத்தோடு குறை சொல்வோம்?