சோதித்தவனுக்கே துணிச்சல் சொந்தம்

தம்பி, சுவிட்ச் பெட்டியைத் திறந்துவிட்டாய். உள்ளே லைட் லைன், ஏசி லைன், இன்வர்ட்டர் லைன் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. "எத்தனை வருஷமா பார்க்கிறோம், நமக்கா ஷாக் அடிக்கும்?" என்கிறதா மனசு? அசட்டுத் துணிச்சல் அது. அங்கேயே மிதித்து நசுக்கு!

230 வோல்ட்டுக்கு உன் அனுபவம் தெரியாது. 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுக்கும் சுமார் 40 மில்லி ஆம்பியர், நெஞ்சு வழியே பாய்ந்தால் உயிரையே பறிக்கலாம்.

ஒரு எம்.சி.பி.யை இறக்கிவிட்டால் போதுமா? பக்கத்து சர்க்யூட் வேறொரு எம்.சி.பி.யிலிருந்து வருகிறதே! மெயினையே அணைத்தாலும் இன்வர்ட்டர் லைனில் சப்ளை இருக்கும். இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்தக் கறுப்பு ஒயரை நீ பிரித்த கணமே, மற்ற சர்க்யூட்டில் ஓடும் ஃபேன் வழியாக 230 வோல்ட் அதன் முனையில் வந்து நிற்கும். ஆர்.சி.சி.பி. காப்பாற்றும் என்கிறாயா? ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்றால், அது உன்னையும் ஒரு பல்பு என்றே எண்ணிக்கொள்ளும்!

பயந்து ஒதுங்காதே. முறையோடு இறங்கு! பெட்டிக்குள் வரும் அத்தனை சர்க்யூட்டையும் அணை, இன்வர்ட்டரையும் அணை. யாரும் மறுபடி போட்டுவிடாமல், எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி.யைப் பூட்டு. மல்டிமீட்டரை முதலில் சப்ளை உள்ள இடத்தில் வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா பார். பிறகு பெட்டியிலுள்ள ஒவ்வொரு ஒயரையும், நியூட்ரலையும் விடாமல், சோதி. மறுபடி சப்ளை உள்ள இடத்தில் மீட்டரைச் சரிபார். 'எனக்குத் தெரியும்' என்று எவனும் சொல்வான். 'சோதித்துவிட்டேன்' என்பவனே தொழில்காரன்!

"ரெண்டு நிமிஷ வேலைக்கு எல்லாத்தையும் எதுக்குப்பா அணைக்கணும்? சீரியல் ஓடுதே" என்பார் வீட்டுக்காரர். உன் தன்னம்பிக்கைக்குப் பரீட்சையே அங்கேதான். நிமிர்ந்து சொல்: "அணைச்சாத்தான் சார் கை வைப்பேன்." வேலை போய்விடுமோ என்று நடுங்காதே. தொழில் தெரியாதவன்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் இருக்கிறதா பார். எந்த ஒயர் எந்த எம்.சி.பி. என்று சீட்டு ஒட்டு. நாளை அந்தப் பெட்டியைத் திறப்பவன் உன் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டான். அவன் உயிருக்கும் நீ காவல் வைத்துவிட்டாய். இப்போது கேள் கூலியை, தலை நிமிர்ந்து!