இன்முகமும் தர்மமே

மரக்காணம் உப்பளங்களில் கோடை வெயில் வெள்ளை உப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். அங்கே உப்பைத் தலையில் சுமந்து வரும் பெண்களின் முகம் சுருங்கியிருப்பது வெயிலால், கோபத்தால் அன்று. எதிரே வருபவர் "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று சிரித்துக் கேட்டால் சுமை குறையாது, ஆனால் தன்னையும் ஒருவர் மதித்தார் என்று மனம் நிமிரும்.

சாதி பாராமல் எல்லாரும் ஒன்றாய் நீர் முகரச் சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றைத் தந்தவர் அய்யா வைகுண்டர். பதியின் கண்ணாடியில் தன்னுள் உறையும் இறைவனைக் காண்பவர், எதிரே வருபவர் முகத்திலும் அவனையே காணவேண்டும். முதலாளியைக் கண்டு சிரித்து, கூலியாளைக் கண்டு முகம் திருப்புவது அன்பாகாது. கூலியைக் குறைத்துவிட்டுச் சிரிப்பதும் தர்மமாகாது. உரியதைக் கொடுத்து, இன்முகமும் காட்டுவதே தர்மம்.

அய்யா உண்டு!