கொத்துகிற கோழியும் வளர்க்கிற கையும்



கொல்லைப்புறத்தில் ஐந்தாறு கோழிகள் நெடுநாளாய் ஒன்றாக மேய்ந்து வருகின்றன. தாயற்ற குஞ்சு ஒன்று புதிதாய் அந்த வீட்டுக்கு வருகிறது. தனியாய்க் கத்துகிறதே என்று இரக்கப்பட்டு, வீட்டார் அதைக் கூட்டத்தின் நடுவில் விட்டுவிடுகிறார்கள். கோழிகள் சூழ்ந்துகொண்டு மண்டையில் கொத்துகின்றன. இரத்தம் கண்ட இடத்திலேயே மீண்டும் கொத்துகின்றன. சாயங்காலத்துக்குள் குஞ்சு செத்துப்போகிறது. இந்தச் சாவுக்கு உத்தரவாதி யார்?

"பொல்லாத கோழி" என்று அநேகர் சொல்லுவார்கள். அது நியாயமன்று. நார்வே தேசத்தவரான ஷெல்டெருப்-எப்பே என்பவர் கோழிகளின் நடத்தையைக் கவனித்து 1922-ஆம் வருஷத்தில் எழுதினார். எது எதைக் கொத்தலாம் என்று கோழிக்கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு. அது நிலைத்தபின் சண்டை குறைகிறது. புதிதாய் வந்ததற்கோ அந்த வரிசையில் இடமில்லை; இடம் ஏற்படும்வரை கொத்து விழும். இது சுபாவம், குற்றமன்று. பகுத்தறிவில்லாத பிராணிகளுக்குத் தெரிந்தெடுத்தல் இல்லை என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்கியிருக்கிறார்.

ஆகையால் உத்தரவாதம் வளர்க்கிறவன்மேல் விழுகிறது. "இரக்கத்தினால்தானே செய்தேன்" என்பான். மெய்தான், ஆனால் இரக்கத்துக்கு விவேகம் துணை வரவேண்டும். பொரித்து இரண்டொரு நாளே ஆன குஞ்சானால், அதே பருவத்துக் குஞ்சுகளுள்ள தாய்க்கோழியின் சிறகடியில் இராவேளையில் வைத்துப் பார்க்கலாம். விடிந்ததும் கிட்ட இருந்து கவனிக்கவேண்டும். வளர்ந்த குஞ்சைத் தாய்க்கோழி ஏற்பது அரிது. அதை 2 வாரமாவது ஒதுக்கி வைத்து, வெள்ளைக்கழிச்சல் முதலிய நோய் இல்லையென்று பார்க்கவேண்டும். துணைக்கு இன்னொரு குஞ்சு இருந்தால் உத்தமம். பிற்பாடு கோழிகள் மேய்கிற இடத்திலேயே, நெருக்கமாய் முடைந்த பஞ்சாரத்துக்குள் பகலில் கவிழ்த்து, ஒரு வாரம் பழக்கவேண்டும். அவை பார்க்கலாம், கொத்த முடியாது. 8 முதல் 12 வாரமாகி, உடம்பு ஓரளவு ஈடானபின் திறந்துவிடலாம். தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஓடி ஒளிய ஒரு மூலையும் இருக்கட்டும்.

இனித்தான் கடினமான கேள்வி. கொத்து விழும்போது குறுக்கே போகலாமா? ஒவ்வொரு கொத்துக்கும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனால், அது என்றைக்கும் அந்நியமாகவே இருக்கும். சும்மா பார்த்திருந்தால் உயிர் போகக்கூடும். ஒரு கொத்து விழுந்து குஞ்சு விலகிக்கொண்டால் விட்டுவிடவேண்டும். விடாமல் துரத்தினாலோ, தீனியண்டை வரவிடாவிட்டாலோ, இரத்தம் கண்டாலோ, அந்தக்ஷணமே எடுத்துவிடவேண்டும். துன்பம் அறவே இல்லாமற் செய்ய நம்மால் ஆகாது; தாங்கும் அளவை மீறாதபடி காவல் நிற்க நம்மால் ஆகும்.

கோழிக்குப் பகுத்தறிவில்லை என்ற சாக்கு உண்டு. நமக்கோ அது இல்லை. புதிய மருமகளையும், வருஷ நடுவில் வகுப்பில் சேர்ந்த பிள்ளையையும் வார்த்தையால் கொத்திவிட்டு, "உலக வழக்கந்தானே" என்று சொல்லக்கூடாது. அவர்களை அழைத்து வந்தவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வாசல்வரை கொண்டுவந்து விட்டதோடு அது தீர்ந்துபோகாது. புதியவருக்கு ஓர் இடம் ஏற்படும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும்.